நாத்தனார் வீடும் பனிமலையும் ஒரே வழியில்

கேள்வி: வரும் ஆடி மாதம் நானும் என் கணவரும் 24 நாள் பயணமாக ஆஸ்திரேலியா போகிறோம். மகன், மருமகள், பேரன் (7 வயது), பேத்தி (4 வயது) மெல்போர்னில் இருக்கிறார்கள். கணவரின் அக்கா சிட்னியில் தன் மகனோடு இருக்கிறார். போன முறை போனபோது இரண்டு வாரமும் என் மகன் வீட்டிலேயே கழிந்துவிட்டது. சிட்னிக்கு போனில் பேசியதோடு சரி. "என் தம்பி அத்தனை தூரம் வந்தும் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை" என்று நாத்தனார் இன்னமும் சொல்லி அழுகிறார். இந்த முறை பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான் மகன். 62 வயதாகும் என் கணவரும் ஒரு தடவையாவது சறுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எனக்கோ முட்டி வலி. புடவை தவிர வேறு உடுத்தியதில்லை. பவளத்திட்டு, கோல்ட் கோஸ்ட் என்று மருமகள் வேறு ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் எப்படி அடக்குவது? யார் மனமும் நோகக் கூடாது.

— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டிருப்பது பனிமலையைப் பற்றி. ஆனால் உங்களை உறுத்திக்கொண்டிருப்பது நாத்தனாரின் அந்த ஒரு வார்த்தை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆஸ்திரேலியா வரைபடத்தில் மெல்போர்னையும் சிட்னியையும் தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஸ்னோயி மவுன்டன்ஸ் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஜின்டபைன் என்றொரு ஏரிக்கரை ஊர். சிட்னியிலிருந்து காரில் ஆறு மணி நேரத்தில் வந்துவிடலாம். மெல்போர்னிலிருந்து சற்று அதிகம். பெரிஷர், திரெட்போ என்ற இரண்டு பெரிய சறுக்குத் தலங்களும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். மகன் குடும்பத்தோடு நீங்கள் தெற்கிலிருந்து போங்கள், அக்கா குடும்பம் வடக்கிலிருந்து வரட்டும். சமையலறையோடு கூடிய ஒரு வாடகை வீட்டை நான்கு இரவுக்கு எடுத்து எல்லோரும் ஒன்றாகத் தங்குங்கள். முடிந்ததும் மகன் மெல்போர்ன் திரும்பட்டும். நீங்கள் இருவரும் அக்காவின் காரில் ஏறி சிட்னி போய்விடுங்கள்.

இப்படிச் செய்தால் சிட்னி கடைசியில் ஒட்டவைத்த இரண்டு நாளாக இருக்காது. மெல்போர்னில் பதினோரு நாள், வழியும் பனியுமாக ஐந்து நாள், மீதி எட்டு நாள் முழுதாக அக்காவுக்கு. விமான டிக்கெட்டை மெல்போர்னில் இறங்கி சிட்னியில் ஏறும்படி எடுங்கள். போக வர ஒரே ஊர் என்று எடுத்துவிட்டால் திட்டமே குலைந்துவிடும். இன்னொன்று, அக்கா மகனின் காரில் உங்கள் இருவருக்கும் இரண்டு பெரிய பெட்டிகளுக்கும் இடம் இருக்குமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு வாரத்துக்கு ஏழு பேர் அமரும் வண்டியை வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.

மருமகளின் பட்டியலைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பவளத்திட்டும் கோல்ட் கோஸ்டும் இந்த முறை வேண்டாம். பவளத்திட்டுக்குப் படகேறும் ஊரான கெய்ர்ன்ஸ் சிட்னியிலிருந்து சாலை வழியே 2,400 கிலோமீட்டருக்கு மேல். விமானத்தில் போனாலும் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்துவிடும். அந்த நாள்களை எடுக்க வேண்டுமானால் பேரப்பிள்ளைகளிடமிருந்தோ அக்காவிடமிருந்தோதான் எடுக்க வேண்டும். மருமகளிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மகன் வாயால் வந்தால் வேறு மாதிரி கேட்கும்.

நீங்கள் போகும் நேரம் நல்ல நேரம். சறுக்குப் பருவம் ஜூன் இரண்டாம் வாரம், மன்னர் பிறந்தநாள் விடுமுறையோடு தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரை நடக்கும். ஆனால் நம்பகமான பனி ஜூலை பிற்பாதியிலும் ஆகஸ்டிலும்தான். ஜூலை முதல் பாதியில் அங்கே பள்ளி விடுமுறை. அறை வாடகை எகிறிவிடும், கூட்டமும் அலைமோதும். விடுமுறை முடிந்த பின் ஞாயிறு மாலை போய் வியாழன் காலை கிளம்பும்படி வையுங்கள். பேரனுக்கு நான்கைந்து நாள் பள்ளி போகும். ஏழு வயதில் பரவாயில்லை, பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். சறுக்கு டிக்கெட்டையும் பயிற்சி வகுப்பையும் இணையத்தில் முன்பதிவு செய்வது மலிவு. வாசலில் போய் நின்று வாங்க வேண்டாம்.

அத்தனை உயரத்தில் மூச்சு வாங்குமோ என்ற பயம் வேண்டாம். ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான கோசியஸ்கோ 2,228 மீட்டர். நம் ஊட்டி நகரமே ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். நிலநடுக்கோட்டை விட்டு அவ்வளவு தெற்கே போய்விடுவதால்தான் அங்கே பனி கொட்டுகிறது. மலை பெரிதல்ல, குளிரும் காற்றும்தான் பெரிது. நம் ஆடிக்காற்று அம்மியைப் பறக்கவைக்கும் என்றால் அந்த ஊர் ஆடிக்காற்று காது மடலை அறுக்கும்.

மெல்போர்னிலிருந்து ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். பிரின்சஸ் நெடுஞ்சாலையில் கிழக்கே நான்கு மணி நேரம் போனால் லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற கடலோர ஊர். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் கான் ரிவர், பொம்பாலா வழியாக ஜின்டபைன் போனால் அதுவும் நான்கு மணி நேரம்தான். காலையில் கிளம்பி நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்களும் வாம்பட்டுகளும் சாலைக்கு வரும். வாம்பட் என்பது குட்டையான, தடித்த விலங்கு, ஒரு பாறை மாதிரி. மோதினால் வண்டியின் முன்பக்கம் போய்விடும். டீசல் வண்டியாக இருந்தால் ஜின்டபைனில்தான் டாங்கை நிரப்ப வேண்டும். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு போலக் கட்டிவிடும், மலையடியில் விற்பது குளிருக்கென்றே தயாரித்தது. வாடகை வண்டி என்றால் பனிச்சாலைக்கு அதன் காப்பீடு செல்லுமா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும், பல நிறுவனங்கள் விலக்கிவிடுகின்றன.

ஜின்டபைன் ஏரியைப் பார்க்கும்போது ஒரு செய்தி நினைவிருக்கட்டும். பழைய ஜின்டபைன் ஊர் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. 1949இல் தொடங்கி 1974 வரை நடந்த ஸ்னோயி நீர்மின் திட்டத்துக்காக 1960களில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த ஒரு லட்சம் பேர் உழைத்த திட்டம் அது. மேட்டூரில் தண்ணீர் வடிந்தால் தலைகாட்டும் நந்தியைப் பார்த்த நமக்கு அந்தக் கரையில் நிற்கும்போது மனம் ஒரு மாதிரி ஆகும்.

இனி பனி. முதல் நாள் பெரிஷர் போங்கள். மலைச்சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி ஏற வேண்டியதில்லை. ஜின்டபைனிலிருந்து புல்லக்ஸ் ஃபிளாட் வரை காரில் போய் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஸ்கீட்யூப் ரயிலில் ஏறுங்கள். நம் மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயில் போலவே பல்சக்கரம் பிடித்து ஏறும் ரயில். பெரும்பாலும் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளேயே போகும். இருட்டிலிருந்து வெளியே வந்தால் கண் கூசும் வெள்ளை. அந்த நிமிடத்தில் பேத்தியின் முகத்தைப் பாருங்கள், பனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவருக்கு 62 வயது ஒரு தடையே இல்லை. ஆனால் மகன் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேர ஆரம்ப வகுப்பு எடுக்கட்டும். போவதற்கு முன் கும்பகோணத்திலேயே மருத்துவரிடம் இதயத்தையும் மூட்டையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும் பயிற்சி செய்யட்டும், தொடைக்கு அதுதான் பலம்.

நான் என் தங்கை வீட்டுக்குப் போனபோது ஒரு பனித்தலத்துக் கடையில் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். ஏறக்குறைய உங்கள் கணவர் வயதில் ஒருவர், குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டு, அதன்மேல் சறுக்குக் காலணியை இழுத்துக்கொண்டிருந்தார். கடைப் பெண் முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டையும் கழற்றினாள். ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை, சுருக்கமே இல்லாமல். உள்ளே போட்டிருந்த தெர்மல் கால்சட்டையின் விளிம்பையும் காலணிக்கு வெளியே எடுத்துவிட்டாள். குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டச் சொல்லி, பிறகுதான் கொக்கிகளை இறுக்கினாள். இரண்டு உறை போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு கால் இன்னும் விறைக்குமாம். முன்கால் எலும்பில் காலணி இறுக்கமாகப் படிய வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது. அவர் எழுந்து நின்று முன்னால் சாய்ந்து பார்த்தபோது முகம் தெளிந்தது. உங்கள் கணவரிடம் இதை மட்டும் படித்துக் காட்டுங்கள். முதல் நாள் படும் பாட்டில் பாதி காலணியால் வருவது.

மற்றதைப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பார். பலகைகளின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். குழந்தைகளுக்கு இதை 'பீட்சா' என்று சொல்லித்தருவார்கள், பேரன் தாத்தாவுக்கு முன்னால் கற்றுக்கொண்டுவிடுவான். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருவது போல விழ வேண்டும், கையை ஊன்றக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம். மதியத்துக்கு மேல் கால் தளர்ந்துவிடும். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்பார் உங்கள் கணவர். அப்போது நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

உங்களுக்கு இரண்டாவது நாள். திரெட்போவில் கோசியஸ்கோ எக்ஸ்பிரஸ் என்ற நாற்காலி இழுவை, சறுக்காதவர்களையும் மேலே ஏற்றிப்போகும். 1,937 மீட்டரில் ஈகிள்ஸ் நெஸ்ட் என்ற உணவகம். நீங்களும் நாத்தனாரும் சேர்ந்து ஏறிப் போய், கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்துக்கொண்டு பேசுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நாற்காலியை மெதுவாக்கச் சொன்னால் ஊழியர்கள் உதவுவார்கள். திரெட்போ போகும் மலைச்சாலையில் நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி சங்கிலி வைத்திருப்பது சட்டம். ஜின்டபைனில் வாடகைக்குக் கிடைக்கும், மாட்டும் விதத்தைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

புடவை விஷயம். நகரத்தில் தாராளமாகக் கட்டலாம். உள்ளே தெர்மல் கால்சட்டை, கம்பளிக் காலுறை, மேலே நீளமான கோட்டு போதும். பனியில் மட்டும் வேண்டாம். கரை நனைந்து, விறைத்து, காலில் சுற்றும். உங்கள் முட்டியோடு அந்த ஆபத்து கூடாது. நீர் புகாத கால்சட்டை, ஜாக்கெட், காலணி எல்லாம் ஜின்டபைனில் வாடகைக்குக் கிடைக்கும். நான்கு நாள்தான், தயங்காதீர்கள். நாத்தனாரும் அதையேதான் போடப்போகிறார். பருத்தி பனியன், ஜீன்ஸ் யாருக்கும் வேண்டாம். வேர்வையையும் ஈரத்தையும் பிடித்துவைத்து உடம்பைச் சில்லிட வைத்துவிடும். வெயில் அடிக்கும் நாளில் பனி ஒளியைத் திருப்பி அடிக்கும், முகம் கன்றிவிடும். சன்ஸ்கிரீனும் குளிர்கண்ணாடியும் அவசியம்.

பயணக் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் பனிச்சறுக்கு அடங்காது. குளிர்கால விளையாட்டுக்கென்று தனியாகச் சேர்த்து, எழுத்தில் வாங்குங்கள். முட்டி வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவானாலும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் கேட்கும் நேரத்தில் பணம் வராது. அங்கே ஒரு எலும்பு முறிவு வாழ்நாள் சேமிப்பைத் தின்றுவிடும்.

பெட்டியில் கறிவேப்பிலை, பழம், பால்கோவா, பால் சேர்த்த இனிப்பு வேண்டாம். ஊறுகாய், பொடி, வடகம் எதுவாக இருந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் 'உணவு கொண்டுவருகிறேன்' என்று குறித்துவிடுங்கள். குறித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் மாட்டினால் பெரிய அபராதம். மருந்தை மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள்.

ஊர் சுற்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெல்போர்னிலிருந்து பிலிப் தீவுக்கு ஒரு மாலை போங்கள். ஒரு அடி உயரப் பென்குயின்கள் இருட்டியதும் கடலிலிருந்து கூட்டமாக ஏறிவரும். படம் எடுக்க அனுமதி இல்லை, போர்வை எடுத்துப்போங்கள். சிட்னியில் சர்க்குலர் கீயிலிருந்து மேன்லிக்குப் படகில் போனால் ஓப்பரா ஹவுஸும் பாலமும் அரை மணி நேரத்தில் கண்முன் விரியும். ஒரு நாள் ரயிலில் புளூ மவுன்டன்ஸ் மலையூரான கட்டும்பா. மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு அக்காவோடு போங்கள். ஆடிக் கிருத்திகை உங்கள் தேதிக்குள் வந்தால் அன்றைக்கே. மீதி நாளில் அவர் வீட்டுச் சமையலறையில் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. டிக்கெட் எடுத்துவிட்டு அக்காவுக்குச் சொல்லாதீர்கள். எடுப்பதற்கு முன் போன் போக வேண்டும், பேச வேண்டியது நீங்களல்ல, உங்கள் கணவர். "அக்கா, மலைக்கு எந்த வாரம் உனக்குத் தோதுப்படும்?" என்று அவர் கேட்கட்டும். அக்கா சொல்லும் வாரத்தை வைத்து மற்றதை அமையுங்கள்.