காபட் போட்ட ஒழுங்கை ஏன் தாழ்கிறது? பஸ் ஏன் காத்து நிற்கிறது?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குக் காபட் போட்டு ஆறு மாதம்தான் ஆகிறது. தண்ணீர்க் குழாய்க்காகக் குறுக்கே வெட்டி மூடினார்கள். இப்போது அந்த இடம் தாழ்ந்து மழைத்தண்ணீர் தேங்குகிறது. காலி வீதியை மட்டும் நன்றாக வைத்திருக்கிறார்களே, ஏன்? யாரிடம் முறையிடுவது?

பதில்: இரண்டுக்கும் பொறுப்பானவர்கள் வேறு. காலி வீதி ஏ2 வீதி. ஏ, பி தர வீதிகள், ஏறத்தாழ 12,000 கிலோமீற்றர், வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் உள்ளன. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. உங்கள் ஒழுங்கை மாநகர சபையின் பொறுப்பு. அதன் பொறியியல் பிரிவுக்கே எழுதுங்கள். வேறிடத்துக்கு எழுதினால் கடிதம் சுற்றிச் சுற்றித்தான் வரும்.

தாழ்ந்த காரணம் பெரும்பாலும் மண்ணை இறுக்காததுதான். வெட்டிய கிடங்கை 150 மில்லிமீற்றர் அளவான படைகளாக நிரப்பி, ஒவ்வொரு படையையும் ஈரமாக்கி, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். தோண்டிய சேற்று மண்ணையே ஒரேயடியாகத் தள்ளி, மேலே லொறிச் சில்லை ஏற்றிவிட்டால் மேற்பகுதி மட்டும் இறுகும். அடியில் இருக்கும் வெற்றிடம் முதல் பெருமழையோடு அமிழும். நடுப்பகுதி தட்டுப்போலக் குழிந்திருந்தால் குறை அடிமண்ணில். வெட்டிய விளிம்போடு நேர்கோடாக வெடித்திருந்தால், பழைய காபட்டையும் புதியதையும் ஒட்டும் தார்ப்பூச்சு சரியில்லை. முதலாவதற்கு மேலே தார் ஊற்றுவது வீண். மீண்டும் தோண்டியே ஆகவேண்டும். கடிதத்தில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

கிடங்கின் மேல் அடிமட்டத்தை வைத்து, ஆழம் தெரியும்படி படமெடுங்கள். அருகிலுள்ள மின்கம்ப இலக்கம், வெட்டிய திகதி, வெட்டிய நிறுவனம் மூன்றையும் குறிப்பிடுங்கள். வீதியை வெட்டுபவரிடம் மீளமைப்புச் செலவை அறவிடுவது வழமை. ஆகவே, “இந்த வெட்டுக்கு எவ்வளவு அறவிடப்பட்டது, எப்போது செலவிடப்பட்டது?” என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையிடம் தமிழிலேயே கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ, அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள்.

கேள்வி: அதிவேக வீதிகளுக்குக் கோடிக்கணக்கில் பணம் கிடைக்கிறது. கொட்டாஞ்சேனையில் இரவு எட்டு மணிக்குப் பிறகு பஸ்ஸுக்குக் காத்துக் கால் கடுக்கிறது. இதற்கு மட்டும் ஏன் பணமில்லை?

பதில்: பணம் வரும் வழியைப் பாருங்கள். 2011 நவம்பரில் கொட்டாவையிலிருந்து காலி வரை திறந்த அதிவேக வீதி, ஆசிய அபிவிருத்தி வங்கியினதும் ஜப்பானினதும் கடனில் வந்தது. இப்படிப்பட்ட கடன் மூலதனச் செலவுக்கு, அதாவது புதிதாகக் கட்டுவதற்கு, கிடைக்கும். சாரதியின் சம்பளம், டயர், இரவுச் சேவையின் நட்டம் போன்ற மீண்டெழும் செலவுகளைத் திறைசேரிதான் ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். நெருக்கடி வந்தால் முதலில் வெட்டு விழுவது அங்கேதான். கடனில் வரவிருந்த பொதுப் போக்குவரத்தும் தப்பவில்லை: மாலபே–கோட்டை இலகு ரயிலுக்கு 2019இல் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது, 2020இல் திட்டமே நிறுத்தப்பட்டது. எங்கள் பார்வையில் அது பெரிய இழப்பு.

தனியார் பஸ்ஸுக்கு வருமானம் டிக்கற் காசு மட்டுமே. அதனால்தான் ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் நிற்கிறது, பின்னால் அதே இலக்க பஸ் வந்ததும் பறக்கிறது, ஆளில்லாத இரவில் வராமலே விடுகிறது. நடத்துநரைத் திட்டிப் பயனில்லை. ஓடிய கிலோமீற்றருக்கும் நேரம் தவறாததற்கும் அரசு பணம் கொடுத்து, டிக்கற் வருமானத்தைத் தானே எடுத்துக்கொண்டால் காத்து நிற்கத் தேவையே இராது. நட்டத்தில் ஓடும் சேவைக்கு அரசு கைகொடுப்பது நமக்குப் புதிதல்ல. மாணவருக்கான சிசு செரிய பஸ் சேவை அப்படித்தான் ஓடுகிறது. அதே வழியை 138, 155 போன்ற நெரிசல் வழித்தடங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

இன்னொரு கணக்கு. ஒரு பஸ்ஸில் 50 பேர். அதே 50 பேரும் காருக்கு ஒன்றரைப் பேர் வீதம் போனால் ஏறத்தாழ 33 கார் வேண்டும். வரிசையில் நின்றால் 200 மீற்றருக்கு மேல் போகும். புதிய வீதிக்கு முன், இருக்கும் வீதியின் பராமரிப்பும் பஸ் ஓட்டமும் வரவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

மாகாணங்களுக்கிடையிலான பஸ் பற்றிய முறைப்பாட்டுக்கு 1955ஐ அழையுங்கள். அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. கொட்டாஞ்சேனை போன்ற உள்ளூர் வழித்தடங்களுக்கு மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைக்கே எழுத வேண்டும். பஸ் இலக்கத் தகடு, நேரம், தரிப்பிடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் பணம் வீதிக்குத்தானே போகிறது?

பதில்: அது மாகாணத்தின் பொது வருமானத்தில் சேர்கிறது. வீதிக்கென்று தனியே ஒதுக்கப்படுவதில்லை. சம்பளம், பாடசாலை, வைத்தியசாலை எல்லாவற்றோடும் சேர்ந்தே மாகாண வரவுசெலவுத் திட்டத்தில் பங்கிடப்படுகிறது.