பழநி மலையும் மூணு நாள் லீவும்: அக்காவைக் கேளுங்க

இந்த வாரம் வந்த கேள்விகள்ல முக்காவாசி பழநி பத்தித்தான். வெள்ளிக்கிழமை ஒரு லீவு வந்து சனி ஞாயிறோட ஒட்டிக்கிச்சுன்னா போதும், நம்ம ஜனத்துல பாதிப் பேருக்கு முருகன் ஞாபகம் வந்துடும். நான் உடுமலைக்காரி, பழநி எங்களுக்குப் பக்கத்து வீடு மாதிரிங்க. அதனால இந்தத் தடவை வேற கேள்வியை எல்லாம் ஒதுக்கி வெச்சிட்டு மலையைப் பத்தி மட்டும் பேசிடலாம்.

அக்கா, அடுத்த மாசம் வெள்ளி சனி ஞாயிறு சேர்ந்தாப்ல லீவு வருது. கார் எடுத்துட்டுப் போய் பழநில பையனுக்கு (4 வயசு) மொட்டை போட்டுட்டு அப்படியே கொடைக்கானலும் பார்த்துட்டு வரலாம்னு பிளான். கூட மாமியார் வர்றாங்க, 68 வயசு, முட்டி வலி. ரோப் கார்ல மேல போயிடலாம்தானே?
- வாசகி, தாம்பரம்

போயிடலாம் கண்ணு, ஆனா நீ நெனைக்கிற மாதிரி போய் நின்ன உடனே ஏத்தி விட மாட்டாங்க. பழநி ரோப் கார் 2004ல ஆரம்பிச்சது, நாலு பெட்டி மேல ஏறும்போது நாலு பெட்டி கீழ இறங்கும், ஒரு பெட்டிக்கு நாலு பேர், அவ்வளவுதான் கணக்கு. மேல போய்ச் சேர மூணு நிமிஷம் போதும், ஆனா சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு அந்த வரிசைல நானே ரெண்டரை மணி நேரம் நின்னிருக்கேன், மூணு நிமிஷத்துக்காக. அதுலயும் மத்தியானம் ஒன்றரைக்கு ஒரு மணி நேரம் பராமரிப்புன்னு நிறுத்திடுவாங்க, காத்து பலமா அடிச்சாலும் நிறுத்திடுவாங்க, மாசத்துல ஒரு நாள் ஓடாது, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாசம் போல மொத்தமாவே நிறுத்தி வடம், சக்கரம் எல்லாம் மாத்துவாங்க, பெரும்பாலும் ஆடி ஆவணி பக்கம் அது வரும். கிளம்புறதுக்கு முன்னாடி அது ஓடுதான்னு கேட்டுக்கோ.

விஞ்ச் இருக்கே, அது 1966லேர்ந்து ஓடுது, தண்டவாளத்துல கம்பி வடம் கட்டி இழுக்கிற ரயில் பெட்டி. எட்டு நிமிஷத்துல மேல போயிடும். அங்கயும் லீவு நாள்ல கூட்டம்தான், ஆனா பெட்டி பெருசு, வரிசை கொஞ்சம் சீக்கிரமா நகரும். முட்டி வலிக்கார அத்தையைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் விஞ்ச்தான் சொல்லுவேன், அதுவும் காலைல முதல் ரெண்டு மூணு டிரிப்லயே. விடிகாலை அஞ்சரைக்கு அடிவாரத்துல நிக்கறவங்களுக்கும் எட்டரைக்கு டிபன் முடிச்சிட்டு ஆடி அசைஞ்சு வர்றவங்களுக்கும் பழநி ரெண்டு வேற வேற ஊர்.

நீயும் வீட்டுக்காரரும் பேசாம யானைப்பாதைல நடந்துடுங்க. படி மொத்தம் அறுநூத்தித் தொண்ணூறு சில்லறை, நேராப் போற படிப்பாதை கால் ஆடுசதையை இழுத்துடும், யானைப்பாதை சாய்வா வளைஞ்சு வளைஞ்சு போகும், குழந்தையே நடந்து வந்துடும், நடுவுல நிழல் மண்டபம், மோர், கொரங்கு எல்லாம் இருக்கு. கைல வாழைப்பழம் வெச்சிருந்தா கொரங்கு உன்னை விடாது, சொல்லிட்டேன்.

மொட்டைக்கு 2021லேர்ந்து அறநிலையத்துறை கோயில்கள்ல கட்டணம் இல்ல. அடிவாரத்துல முடிக்கொட்டகைல டோக்கன் வாங்கிட்டு உட்கார வேண்டியதுதான். முதல்ல மொட்டை, அப்பறம் குளியல், அப்பறம் மலை. சில பேர் மேல போயிட்டு வந்து மொட்டை போடலாம்னு வெச்சிக்கிறாங்க, வெயில்ல குழந்தை அழுது ஊரைக் கூட்டிடும்.

இப்ப கார் விஷயம். வியாழக்கிழமை சாயங்காலம் தாம்பரத்துலேர்ந்து கிளம்பினா பரனூர் டோல்கேட் தாண்டவே உசுரு போயிடும், அப்பறம் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழநி டவுனுக்குள்ள நுழையறதுன்னு ஒவ்வொரு இடமா நிப்பே. மலையைச் சுத்தி வர்ற கிரிவீதிக்குள்ள இப்ப தனியார் வண்டியை விடறதே இல்ல, கார் வெளிய பார்க்கிங்லதான், அங்கிருந்து கோயில் பேட்டரி வண்டி இலவசமா ஓடுது, அதுக்கும் நிக்கணும். ரயில்னா சென்னை சென்ட்ரல்லேர்ந்து பாலக்காடு எக்ஸ்பிரஸ் பழநி வழியாத்தான் போகுது, ராத்திரி படுத்தா காலைல பழநி. ஆனா முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடியே திறந்துடும், லீவு நாள் டிக்கெட் திறந்த அன்னிக்கே காலி ஆகிடும், உனக்கு இப்ப வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும். அதனால இந்தத் தடவை கார்தான், வேற வழியில்ல.

கொடைக்கானல் வேண்டாம். இதை மட்டும் அக்கா கண்டிப்பா சொல்லுவேன். பழநிலேர்ந்து 64 கிலோமீட்டர்தான், மேப்புல பார்த்தா பக்கம்தான். மலைப்பாதை, லீவு நாள், 2024 மே 7லேர்ந்து வண்டிக்கு இ-பாஸ் வேற. கொடைக்கானல் மனசுல இருக்கிறவங்கதான் பழநி வரிசைல வாட்சைப் பார்த்துப் பார்த்து முன்னாடி நிக்கறவரோட சண்டை போடுறாங்க, நான் கண்ணால பார்த்திருக்கேன். சனிக்கிழமை விடிகாலைல சாமி பார்த்துட்டு மத்தியானம் ரூம்ல தூங்கு, சாயங்காலம் கிரிவீதியை ஒரு சுத்து சுத்து, ரெண்டரை கிலோமீட்டர்தான். அத்தைக்கும் கால் வீங்காது.

மலை மேல செல்போன் கூடாதாமே, உண்மையா? அப்ப கூட வந்தவங்க தொலைஞ்சா எப்படிக் கண்டுபிடிக்கிறது?
- வாசகர், சேலம்

உண்மைதான் தம்பி, 2023 அக்டோபர் 1லேர்ந்து கொண்டு போகக் கூடாது. படிப்பாதை, விஞ்ச், ரோப் கார் மூணு இடத்துலயும் வாங்கி வெச்சுக்க கவுண்டர் இருக்கு, ஒரு போனுக்கு அஞ்சு ரூபா. ஆனா எந்த இடத்துல குடுத்தீங்களோ அங்கதான் திரும்ப வாங்க முடியும். விஞ்ச் பக்கம் போனைக் குடுத்துட்டு மேல போயி, "இறங்குறதுதானே, படியிலயே இறங்கிடலாம்"னு இறங்கினா, செருப்பு ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். வெறுங்கால்ல மத்தியான வெயில்ல கிரிவீதி தார் ரோட்டுல நடந்து பார்த்தா தெரியும்.

தொலையறது பத்திக் கேட்டீங்களே, அது எங்க வீட்டுக் கதை. நாலு பேர் ரோப் கார், ஆறு பேர் யானைப்பாதை, பெரியம்மா மட்டும் "நான் விஞ்ச்ல வரேன், மேல பார்ப்போம்"னு சொல்லிட்டாங்க. மேல எங்கன்னு யாரும் கேக்கல. நாங்க ராஜகோபுரத்துக்கிட்ட நிக்கறோம், பெரியம்மா விஞ்ச் இறங்குன இடத்துலயே உட்கார்ந்திருக்காங்க, அவங்களா நகரவே இல்ல, நாங்க தரிசன வரிசைல எல்லாம் போய்த் தேடிட்டு, மைக்ல பேர் சொல்லிக் கூப்பிட வெச்சா அதையும் கேக்கல, ஏன்னா அவங்களுக்கு வீட்டுல கூப்பிடுற பேர்தான் பழக்கம், ஆதார் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா யாரோ என்னவோன்னு உட்கார்ந்திருக்காங்க. ஒன்றரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா பக்கத்துல இருந்த பாலக்காட்டுக் குடும்பத்தோட கடலை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அதனால கிளம்பும்போதே ஒரு இடம், ஒரு நேரம் பேசி வெச்சுக்குங்க. குழந்தை சட்டைப் பையில ஒரு சீட்டுல போன் நம்பர் எழுதி வைங்க, அந்தப் போன் அடிவாரத்துல ஹோட்டல் ரூம்ல இருக்கிற ஒருத்தரோடதா இருக்கணும். கவுண்டர்ல பூட்டி வெச்சிருக்கிற போன் நம்பரை எழுதி வெச்சு என்ன பண்ண?

கட்டண தரிசன டிக்கெட் எடுத்தா சீக்கிரம் பார்த்துடலாமா?
- வாசகர், மதுரை

சாதா நாள்ல ஆமா. லீவு நாள்ல எல்லாரும் அதே டிக்கெட்டைத்தான் வாங்குறாங்க, அந்த வரிசையும் நீளம்தான். கார்த்திகை நட்சத்திரம் சேர்ந்து வர்ற லீவா இருந்தா ரெண்டு பங்கு. காலண்டர்ல அதைப் பாருங்க முதல்ல. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்திருக்கீங்களா? திங்கக்கிழமை ஆபீஸ் இருக்குன்னு வெளியூர் ஜனம் பூரா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிடும், ஏழு மணிக்கு மேல மலை நம்ம கைல. மதுரைதானே, தாராளமா ராத்திரியே வீடு திரும்பிடலாம்.

அடிவாரத்துல ஒரு கடைக்காரர் "செருப்பை இங்க ஃப்ரீயா விடுங்கம்மா"ன்னு கூப்பிட்டாரு. திரும்பி வரும்போது அர்ச்சனைத் தட்டுக்குன்னு 450 ரூபா வாங்கிட்டாரு. இது நியாயமா?
- வாசகி, கும்பகோணம்

நியாயம் இல்லதான், ஆனா தட்டைக் கைல வாங்கும்போது விலை கேட்டீங்களாம்மா? நானே ஏமாந்திருக்கேன், உள்ளூர்க்காரி நானே. அங்க எதுவும் ஃப்ரீ கிடையாது, நீங்க அதை வாங்குறதுக்கு முன்னாடி விலையைக் கேளுங்க, தேங்காய் எவ்வளவு, மாலை எவ்வளவுன்னு தனித்தனியா. "வழி காட்டுறேன், சீக்கிரமா உள்ள விடறேன்"னு கூடவே வர்றவங்ககிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டு நடந்துடுங்க. சாப்பாட்டுக்கும் அடிவாரத்துல காசைக் கொட்ட வேண்டாம், மேல கோயில்ல நாள் முழுக்க அன்னதானம் இருக்கு, 2012லேர்ந்து நடக்குது. வரிசை இருக்கும், சாதம் சூடா இருக்கும்.

ஆண்டிக் கோலத்துல பார்த்தா நம்மளும் ஆண்டி ஆயிடுவோம், ராஜ அலங்காரத்துலதான் பார்க்கணும்னு எங்க வீட்டுல பெரிய சண்டை. நீங்க சொல்லுங்க.
- வாசகர், திருச்சி

அங்க நிக்கறதே கோவணம் கட்டி தண்டம் பிடிச்ச சாமிங்க. பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு வந்து நின்ன இடம். போகர் நவபாஷாணத்துல செஞ்சதா சொல்ற மூலவரு, சந்தனமும் திருநீறும் பஞ்சாமிர்தமுமா அபிஷேகம் ஆகிக்கிட்டே இருக்கும்போது அந்தத் திருமேனியைப் பார்க்கக் குடுத்து வெச்சிருக்கணும். அதைப் பார்த்தா ஆண்டி ஆயிடுவோம்னா தினமும் பூஜை பண்ற குருக்களுக்கு என்ன ஆகியிருக்கணும்? எனக்கு ஆண்டிதான் பிடிக்கும். ராஜ அலங்காரம் வேணுங்கறவங்க சாயரட்சைக்குப் போங்க, அஞ்சரை மணி வாக்குல, அந்த நேரத்துக்குன்னே ஒரு தனிக் கூட்டம் வந்து நிக்கும், சண்டை தீரணும்னா அந்தக் கூட்டத்துல ரெண்டு மணி நேரம் நின்னு பாருங்க.

மூணாம் படைவீடு மலைக்கோயிலா, கீழ இருக்கிற திருஆவினன்குடியா?
- வாசகர், சிவகாசி

திருமுருகாற்றுப்படைல நக்கீரர் சொல்றது ஆவினன்குடி. மலை ஏறுற அவசரத்துல லீவு நாள் கூட்டம் முக்காவாசி அதைத் தாண்டிப் போயிடுது, அதனால அங்க நிம்மதியா நிக்க இடம் கிடைக்கும். பாத விநாயகர், ஆவினன்குடி, அப்பறம் மலை, பெரியவங்க சொன்ன வரிசை அதுதான்.

பழநிக்கு ஏன் கேரளாக்காரங்க இவ்வளவு பேர் வர்றாங்க?
- வாசகி, கடலூர்

சாமி மேற்கு பார்த்து நிக்கறாருங்க, அந்தப் பக்கம் கேரளா. எங்களைப் பார்த்துத்தான் நிக்கறாருன்னு அவங்க சொல்லுவாங்க, இல்லன்னு நாம எப்படிச் சொல்றது. நம்மளுக்கு லீவு இல்லாத நாள்லயும் அங்க லீவா இருக்கும், அதனால "வேலை நாள்தானே, காலியா இருக்கும்"னு நம்பிப் போகாதீங்க.

பஞ்சாமிர்தம் ஊருக்கு வர்றதுக்குள்ள புளிச்சுடுமா? எங்க வாங்குறது?
- வாசகர், நாகர்கோவில்

கோயில் ஸ்டால்ல வாங்குங்க. 2019ல புவிசார் குறியீடு வாங்குனது அதுதான். மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, நெய், ஏலக்காய், ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்க மாட்டாங்க, அதனாலதான் தாங்குது. டப்பா மேல தேதி இருக்கும், பார்த்து வாங்குங்க, திறந்தப்பறம் ஈரக் கரண்டி போடாதீங்க.

கொண்டு போற விதம்தான் முக்கியம். டப்பாவை ஒரு கவர்ல கட்டி காலடில நிமிர்த்தி வைங்க, பஸ்ல மேல ரேக்ல வைக்கவே வைக்காதீங்க. ஒரு லீவு நாள் கூட்டத்துல நின்னுக்கிட்டே உடுமலை வர்றோம், எங்க பை மேல சாஞ்சு கிடக்கு, மடத்துக்குளம் வளைவுல டப்பா மூடி திறந்து சொட்டுச் சொட்டா கீழ உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தலையில இறங்குது. அன்னிக்குத்தான் மொட்டை போட்டு சந்தனம் பூசியிருந்தாரு. அவரு தூக்கத்துலயே சந்தனம்தான் கரையுதுன்னு நெனச்சு நல்லா தலை பூராத் தேய்ச்சுக்கிட்டாரு. நாங்க உடுமலைல இறங்குற வரைக்கும் வாயைத் திறக்கல.