பேரவையில் நிறைவேறிவிட்டால் சட்டமா?

கேள்வி: தனியார் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். “12 மணி நேர வேலைக்கு 2023-லேயே சட்டம் வந்தாச்சு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடு” என்கிறார் சூப்பர்வைசர். சட்டமன்றத்தில் அது நிறைவேறியதை நானும் டி.வி.யில் பார்த்தேன். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஓசூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். அப்படியொரு சட்டம் வரவே இல்லை.

நீங்கள் பார்த்தது 2023 ஏப்ரல் 21. “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்று குரல் வாக்கெடுப்பில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறிய நாள். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. அன்று மாலை என் அலுவலகத்துக்கு ஓடிவந்த தொழிலாளர்கள், “நாளையிலிருந்தே ஷிப்ட் மாறிடுமா சார்?” என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. மாறாது என்றேன். பேரவை நிறைவேற்றுவது பாதி வழிதான்.

அதன் பிறகு ஆளுநர் ஒப்புதல் வேண்டும். தொழிலாளர் நலன், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தம் நிற்க வேண்டுமென்றால், ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி, அவருடைய ஒப்புதல் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகு அரசின் அதிகாரபூர்வ வெளியீடான அரசிதழில் வெளியாக வேண்டும். இந்த மசோதா அந்தப் படிகளையெல்லாம் ஏறவில்லை. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். தெருவில் இறங்கிய தொழிற்சங்கங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஒப்புதல் கிடைத்துவிட்டால்கூட முடிந்ததாக நினைக்க வேண்டாம். சட்டத்தின் முதல் பிரிவிலேயே ‘அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்’ என்று ஒரு வரி இருக்கலாம். பலரும் தாண்டிப் போகும் வரி அது. மத்திய அரசின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்கு 2020 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. ஐந்து வருடம் அது ஏட்டில் மட்டுமே இருந்தது. அந்தத் தொகுப்பிலும் நாளுக்கு 8 மணி நேரம்தான் வரம்பு. அதற்கு மேல் ஓவர்டைம் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும், இரட்டைச் சம்பளம் தர வேண்டும். கடிதத்தில் அவர்கள் கையெழுத்துக் கேட்பது இந்தச் சம்மதத்துக்காகத்தான் என்பது என் சந்தேகம்.

சூப்பர்வைசரிடம் பணிவாக ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்தச் சட்டம் எந்தத் தேதியிட்ட அரசிதழில் வந்தது? கடிதத்தை போட்டோ எடுத்துச் சங்கத்திடம் கொடுங்கள். சங்கம் இல்லையென்றால் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.