முள்வேலியில் மணி அடித்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கப் புல்வெளியில் அரசாங்க நிலம் வாங்கிக் குடியேறியவர்கள், வீடுகளை அடுத்தடுத்துக் கட்டி ஊராக வாழாமல் ஏன் தனித்தனியே கிடந்தார்கள்? (வாசகர், தேனி)

பதில்: அன்றைய சட்டம் அப்படி. 1862-ம் வருட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைக்கும். ஆனால் அந்த நிலத்திலேயே வீடு கட்டி, 5 வருடம் குடியிருந்து, பயிர் வைத்தால்தான் பட்டா. சதுர மைல் என்பது 640 ஏக்கர். ஒரு துண்டு விடாமல் ஆள் வந்தாலும் நாலே குடும்பம்! வறண்ட மேற்குப் பகுதிகளுக்கு 1909-ல் 320 ஏக்கர் என்று ஆக்கினார்கள்; அங்கே அதுவும் இரண்டாகிவிட்டது.

துணை வேண்டியவர்கள் நிலங்கள் கூடும் மூலையில் வீடு போட்டார்கள். கல்யாணமாகாத பெண்களும் 21 வயதானால் மனுப் போடலாம். அப்படி அடுத்தடுத்த நிலம் வாங்கிய அக்கா தங்கைகள் எல்லைக் கோட்டின் மேலேயே ஒரே வீட்டைக் கட்டி, அவரவர் பக்கம் கட்டிலைப் போட்டுக்கொண்டதும் உண்டு.

அக்கம்பக்கத்தைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது. பட்டா கேட்கும்போது நாலு சாட்சிகளின் பெயரைப் பத்திரிகையில் அறிவித்து, அவர்களில் இருவரைக் கூட்டிவந்து, குடியிருந்து பயிர் வைத்தது உண்மை என்று சொல்லவைக்க வேண்டும்.

கேள்வி: முள்வேலிக் கம்பியிலேயே டெலிபோன் பேசினார்களாமே, எப்படி? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: டெலிபோனுக்கு கிரகாம் பெல் வாங்கியிருந்த காப்புரிமைகள் 1893, 1894-ல் முடிந்த பிறகு டெலிபோன் பெட்டிகள் மலிவாக வந்தன. கம்பிதான் ஏற்கெனவே மைல் கணக்கில் நிற்கிறதே! வேலியின் மேல்கம்பியிலிருந்து ஓர் இணைப்பு வீட்டுக்கு. இன்னொரு முனை மண்ணில் அடித்த இரும்புக் கம்பிக்கு. பேச்சுக்கு உலர் பேட்டரி, மணியடிக்கக் கைப்பிடி சுற்றும் காந்த ஜெனரேட்டர். கதவு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் உயரக் கழி நட்டு, கம்பியை மேலே ஏற்றி மறுபக்கம் இறக்குவார்கள்.

வறட்சி இதில் மட்டும் பாதி உதவியது. காய்ந்த மரக்கம்பம் மின்சாரத்தைக் கடத்தாது. மழை பெய்தால் நனைந்த கம்பம் வழியே எல்லாம் மண்ணுக்கு இறங்கிப் பேச்சு செத்துவிடும். அதற்காகப் பாட்டில் கழுத்து, தோல் துண்டு, மாட்டுக் கொம்பு என்று கைக்குக் கிடைத்ததைக் கம்பிக்கும் கம்பத்துக்கும் நடுவே வைத்தார்கள். மண் அதிகம் காய்ந்தாலும் கோளாறுதான். இரும்புக் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும். முடிச்சுகளில் துரு ஏறினாலும், மாடு உரசிக் கம்பி அறுந்தாலும் லைன் போச்சு.

எல்லா வீட்டுக்கும் ஒரே கம்பி என்பதால் யாரை அழைத்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு நெடில் இரண்டு குறில், அடுத்ததற்கு மூன்று குறில் என்று அடையாளம். விடாமல் நீளமாக அடித்தால் எல்லோரும் எடுக்க வேண்டும்: புல்வெளித் தீயாக இருக்கலாம். மற்ற நேரமும் எடுப்பார்கள் என்பது வேறு விஷயம்! ஒட்டுக்கேட்பவர்கள் கூடக் கூடக் குரல் தேயும். ‘கொஞ்சம் வையுங்களேன்’ என்று கெஞ்ச வேண்டியிருக்கும்.

கேள்வி: அந்தக் குடியேறிகள் நடத்திய ‘பெட்டி ஏலம்’ என்பது என்ன? (வாசகர், சேலம்)

பதில்: பள்ளிக்கூடத்துக்கு அடுப்போ புத்தகமோ வாங்கப் பணம் திரட்டும் வழி. பெண்கள் கோழி வறுவல், ‘பை’ (pie) என்ற மாவுப் பலகாரம் எல்லாம் இரண்டு பேர் சாப்பிடும் அளவு அட்டைப் பெட்டியில் வைத்து, வண்ணக் காகிதமும் ரிப்பனும் சுற்றிக் கொண்டுவருவார்கள். பெயர் வெளியே தெரியக்கூடாது. ஏலம் எடுத்தவர் அந்தப் பெட்டிக்காரியோடு உட்கார்ந்து சாப்பிடலாம். யாருக்கு யார்மேல் கண் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பையன் கேட்கிறான் என்றால் நண்பர்கள் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார்கள்.

பிறகு பிடில் வாசிக்க, நடனம். துணி வெளுக்கும் கொப்பரையில்தான் காப்பி கொதிக்கும். குழந்தைகளைக் கோட்டுகளின் மேல் வரிசையாகத் தூங்க வைத்துவிடுவார்கள். அடையாளத்துக்கு மரம்கூட இல்லாத வெளியில் இருட்டில் வண்டி ஓட்டினால் வழி தப்பும் என்பதால், கிழக்கு வெளுக்கும் வரை ஆட்டம். வீடு போய்ச் சேர்ந்தால் பால் கறக்க நேரம் சரியாக இருக்கும்.