மின்சாரம் எடுத்த பிறகு ஆற்று நீரின் சத்து குறைந்துவிடுமா?

மேட்டூர் அணையில் மின்சாரம் எடுத்துவிட்டுத் திறக்கும் நீரில் சத்து இருக்காது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடி அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், இதே பேச்சை என் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்தவன். வயலைப் பார்த்து அவர் உணர்ந்தது பிழையல்ல, அதற்கு அவர் கண்ட காரணமே பிழை என்பது இயந்திரப் பொறியியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

நீர்மின் நிலையம் நீரிடமிருந்து எடுத்துக்கொள்வது அதன் உயரத்தை மட்டுமே. தேக்கத்தின் மேல்மட்டத்திலிருந்து கீழே இறங்கும் நீர், குழாய் வழியே வந்து சுழலியைத் (டர்பைன்) தள்ளிவிட்டு, தன்னில் கரைந்திருக்கும் உப்புகள் எதையும் இழக்காமல் ஆற்றில் சேர்கிறது. நொடிக்கு 1,000 கன அடி நீர் 100 அடி உயரம் இறங்கினால், இழப்புகள் போக ஏறத்தாழ 7.5 மெகாவாட் மின்சாரம் கிடைக்கும். அந்த ஆற்றலை நாம் எடுக்காமல் விட்டிருந்தால், நீர் பாறையில் மோதி நுரைத்து அது வெப்பமாக மாறியிருக்கும். அப்போதும் நீரின் வெப்பநிலை 0.07 பாகை செல்சியஸ் அளவுக்கே கூடியிருக்கும். பயிருக்கு உதவக்கூடிய எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் கதவணைகள் கட்டி, அதே நீரைக் கொண்டு ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். முதல் சுழலியிலேயே நீர் சக்கையாகிவிடும் என்றால் அடுத்தடுத்த சுழலிகளைச் சுழற்ற அதில் என்ன மிஞ்சியிருக்கும்? ஒவ்வொரு இடத்திலும் ஆறு இறங்கும் உயரமே அங்கே மின்சாரமாகிறது. தேக்கத்தின் ஆழத்திலிருந்து வரும் நீரில் சில காலங்களில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆற்றில் ஓடும் வழியில் காற்றுடன் கலந்து அது மீண்டும் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் தாத்தா கண்டது என்ன? அணை வருவதற்கு முன் ஆடி மாதத்தில் காவிரி செந்நிறமாகப் பெருகி வந்ததென்றும், வெள்ளம் வடிந்த வயலில் விரற்கடை அளவுக்கு வண்டல் படிந்திருந்ததென்றும் அவருடைய தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறார். 1925 இல் தொடங்கி 1934 இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, 120 அடி வரை நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டது. அவ்வளவு பரந்த தேக்கத்துக்குள் நுழைந்ததும் ஆற்றின் வேகம் அடங்கிவிடுகிறது; மணல் நுழைவாயிலிலேயே படிய, வண்டல் இன்னும் உள்ளே வந்து மெல்ல அடியில் இறங்குகிறது. பெருவெள்ளக் காலத்தில் பதினாறு கண் மதகு வழியாக நுண்ணிய களி ஓரளவு வெளியேறினாலும், பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. மேலே கிருஷ்ணராஜ சாகரமும் தன் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே டெல்டாவுக்கு வரும் நீர் தெளிந்து வருவதற்குக் காரணம் தேக்கம், சுழலி அல்ல. மின்சாரமே எடுக்காத அணையாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

மேட்டூரில் மின்சாரம் பாசனத்துக்குப் பின்னால் வருவது என்பதையும் சொல்ல வேண்டும். அணை மின் நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட் திறன் கொண்டவை. ஆனால் வழக்கப்படி ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை டெல்டாவுக்குத் திறக்கும் நீரின் அளவே அங்கே எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நம் வயலுக்கு வர வேண்டிய நீர்தான் வழியில் சுழலியையும் சுழற்றிவிட்டு வருகிறது.

இழந்த வண்டலுக்கு ஈடு செய்ய வழி உண்டு. 2017 கோடையில் மேட்டூர் அணை வறண்டபோது, விவசாயிகள் அங்கிருந்து வண்டலை இலவசமாக எடுத்துச் செல்ல அரசு அனுமதித்தது. அவ்வளவு தொலைவு போக முடியாத நம்மைப் போன்றவர்கள், முறையான அனுமதி பெற்று உள்ளூர்க் குளத்து வண்டலை அடிக்கலாம். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழலாம். கரண்டு எடுத்த தண்ணீர் என்று குறைப்பட்டுக்கொண்டே, என் தாத்தா ஒவ்வொரு கோடையிலும் மாட்டுவண்டியில் குளத்து வண்டலைக் கொண்டுவந்து வயலில் கொட்டிக்கொண்டுதான் இருந்தார்.