உறங்குபவரின் முகம்

அன்புள்ள ஐயா,

விடியற்காலையில் மாசி வீதிகளில் படமெடுப்பது என் வழக்கம். கீழமாசி வீதியில், அடைத்திருந்த கடையொன்றின் படியில் உறங்கிக்கொண்டிருந்த முதியவரைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்டேன். பலரும் பாராட்டினார்கள், நண்பர் ஒருவர் மட்டும் "அவரைக் கேட்டாயா?" என்றார். பொது இடம்தானே, கேட்டால் இயல்பு போய்விடுமே, இத்தகைய படங்களால்தானே ஊர் இவர்களைக் கவனிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உறங்குபவரிடம் எதையும் கேட்க முடியாது என்பதாலேயே அவரைப் படமெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வீடுள்ளவர் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறார். அந்த முதியவருக்கு இருப்பது முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொள்ளும் துணி மட்டுமே. பொது இடத்தில் இருப்பதனால் மட்டும் ஒருவர் தம் அந்தரங்க உரிமையை இழந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வும் 2017இல் கூறியிருக்கிறது.

உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ மகனோடு மனத்தாங்கலில் கிளம்பி வந்து, மதுரையில் ஓட்டல் வேலையில் இருப்பதாக ஊருக்குச் சொல்லியிருக்கும் ஒருவராக அவர் இருக்கலாம். உங்கள் படம் ஊர்க்காரர் ஒருவரின் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் இத்தனை காலம் காத்துவந்த மானம் ஒரே நாளில் போய்விடும். பாராட்டியவர்களில் எவரும் அதை அறியப்போவதில்லை.

படத்தால் நன்மை விளைவதை நான் மறுக்கவில்லை. 1936இல் கலிபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். படம் நாளிதழில் வெளிவந்ததும் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பப்பட்டது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் அங்கிருந்து போய்விட்டிருந்தார். லாங்கே அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. 1978இல் செய்தியாளர் ஒருவர் அந்தத் தாயைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்றே அவர் வருந்தினார்.

விழித்திருப்பவரானால் அருகில் அமர்ந்து பேசி, படம் எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். அவர் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்காதீர்கள், குடித்தவரால் மறுக்க முடியாது. முதியவரின் படத்தை இன்றே நீக்கிவிடுங்கள்.

ஊர் கவனிக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறை உண்மையானது. அதற்கு வேறு வழி இருக்கிறது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு, வீடற்றோர் நூறு பேர் தங்கும் இல்லம் வேண்டும் என்பது மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நம் மாநகரில் அத்தகைய இல்லங்கள் எத்தனை, அவற்றில் கழிப்பறையும் விளக்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் படமெடுத்து வெளியிடுங்கள். நானும் உங்களுடன் வருகிறேன்.