புது விலாசம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? – கடன் கேள்வி பதில்

(அமெரிக்காவில் வாழும் வாசகர்களின் கேள்விகளுக்கு, வசூல் நிறுவனம் ஒன்றின் முகவரி தேடும் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஒஹாயோவில் இருந்தபோது கணவருக்கு வேலை போயிற்று. என் கிரெடிட் கார்டில் 6,400 டாலர் பாக்கி நின்றுவிட்டது. பிறகு ஜார்ஜியாவுக்குக் குடிவந்தோம். புது விலாசத்தை அந்த வங்கிக்குத் தரவே இல்லை. சமீபத்தில் ஒரு கார் கடன் வாங்கினோம். அடுத்த சில வாரங்களில், பெயரே கேள்விப்படாத வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்து நிற்கிறது. விலாசத்தை யார் கொடுத்திருப்பார்கள்? இது சட்டப்படி சரியா? – வாசகி, ஜார்ஜியா

பதில்: பெரும்பாலும் கார் கடன்தான் காட்டிக்கொடுத்திருக்கும், சகோதரி. கடனுக்கு விண்ணப்பிக்கும்போது புது விலாசத்தையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கடன் கொடுத்தவர் அதை, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் திரட்டி வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய நிறுவனங்களுக்கு அனுப்புவார். அந்த நொடியிலிருந்து அவை வைத்திருக்கும் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது கடன் அறிக்கையில், ஜார்ஜியா விலாசம் ஏறிவிடும்.

கிரெடிட் ரிப்போர்ட் என்றதும் எல்லோரும் ஸ்கோரை, அதாவது கடன் மதிப்பெண்ணைத்தான் நினைக்கிறார்கள். வசூல் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் முதலில் போவது அதன் தலைப்பகுதிக்கு. பெயர், அந்தப் பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கிறதோ அத்தனையும், பிறந்த தேதி, இப்போதைய விலாசம், அதற்கு முந்தைய விலாசங்கள், தொலைபேசி எண், சில சமயம் வேலை பார்க்கும் இடம். எல்லாம் அங்கே இருக்கும். ஆளை அடையாளம் காண அதுவே போதும்.

அடுத்து அவர் பார்ப்பது உங்கள் மற்றக் கணக்குகளை. கார்டு பாக்கி அப்படியே நிற்க, கார் தவணை மட்டும் மாதம் தவறாமல் கட்டப்படுகிறது என்றால், கையில் பணம் வரத் தொடங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். யாரை முதலில் அழைப்பது, யாருடைய கோப்பை ஓரமாக வைப்பது என்பதை இப்படித்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட நபரின் ரிப்போர்ட்டில் புது விலாசமோ புதுக் கடனோ ஏறினால் உடனே தகவல் அனுப்பும் சேவையும் விற்பனைக்கு உண்டு. உங்களைத் தேடி யாரும் அலைந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் கோப்பு அசைந்ததும் அவர்களுக்குச் செய்தி போயிருக்கும்.

சட்டம் இதை அனுமதிக்கிறது. 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம், யார் எதற்காக ரிப்போர்ட்டைப் பார்க்கலாம் என்று வரையறுக்கிறது. நீங்களாக வாங்கிய கடனை வசூலிப்பது அதில் ஒரு காரணம். வங்கி அந்தக் கடனை இன்னொருவருக்கு விற்றிருந்தாலும் வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. உங்களிடம் மறுபடி கையெழுத்து வாங்கத் தேவையில்லை.

ஆனால் பார்த்த தடம் இருக்கும். உங்கள் ரிப்போர்ட்டின் கடைசியில், அதை யார் யார் எடுத்தார்கள் என்ற பட்டியல் வரும். வசூலுக்காக எடுத்தவை பொதுவாக உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும் பகுதியில் இருக்கும். அவற்றால் ஸ்கோர் குறையாது. ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று ரிப்போர்ட்டுகளையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். இன்றே எடுத்து அந்தப் பட்டியலைப் பாருங்கள். கடிதம் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் எந்தத் தேதியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். வசூல்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்களே என்று பயப்படுகிறீர்கள். கண்டுபிடிக்காமல் இருந்தால்தான் உண்மையான ஆபத்து. உங்கள்மேல் வழக்குப் போட்டு, சம்மன் ஒஹாயோவின் பழைய வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? நீங்கள் வரவில்லை என்று ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். பிறகு சம்பளத்திலேயே பிடித்தம் வரும். சாதாரணக் கடனுக்கு, வரி போன்ற சட்டப்படியான பிடித்தங்கள் போக மிஞ்சும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை எடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருகிறது. இப்படிக் கடன் தொகையைக்கூட எதிர்த்துக் கேட்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட குடும்பங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. இன்னொன்று: 2017 ஜூலை முதல் இத்தகைய தீர்ப்புகளை அந்த மூன்று நிறுவனங்களும் ரிப்போர்ட்டிலிருந்து நீக்கத் தொடங்கின. ஆகவே ரிப்போர்ட்டில் இல்லை என்பதால் வழக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் குடியிருந்த ஒஹாயோ கவுண்டியின் (மாவட்டத்தின்) நீதிமன்ற இணையதளங்களில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

கடிதத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அது கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள், "இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆதாரம் அனுப்புங்கள்" என்று எழுத்தில் கேட்டால், ஆதாரம் அனுப்பும் வரை அவர்கள் வசூலை நிறுத்தி வைக்க வேண்டும். தொகை சரிதான் என்றாலும் கேளுங்கள். கை மாறிய கடனில் வட்டியும் கட்டணமும் எப்படிச் சேர்ந்தன என்பது தெரிய வேண்டும். அதற்குப் பிறகு பேரம் பேசலாம்.

கேள்வி: நண்பருக்குக் கைமாற்றாக 9,000 டாலர் கொடுத்தேன். இப்போது போன் எண்ணையும் மாற்றிவிட்டார், வீட்டையும் காலி செய்துவிட்டார். என் மைத்துனர் கார் விற்பனை நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் இருக்கிறார். அவர் மூலம் நண்பரின் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்து விலாசத்தை மட்டும் பார்த்துக்கொள்ளலாமா? – வாசகர், நியூஜெர்சி

பதில்: கூடாது ஐயா. மைத்துனரிடம் இதை வாய்விட்டுக் கேட்கவும் வேண்டாம். கார் வாங்க வந்தவர் என்று பொய்க் காரணம் காட்டி ரிப்போர்ட்டை எடுத்தால் அது கூட்டாட்சிக் குற்றம். அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. விலாசத்தை மட்டும்தானே பார்த்தோம் என்ற வாதம் அங்கே எடுபடாது. அதோடு, உங்கள் நண்பர் தன் ரிப்போர்ட்டை எடுக்கும் நாளில், தான் காலடி எடுத்து வைக்காத கார் நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். அங்கிருந்து மைத்துனர் வரை வர அதிக நேரம் ஆகாது.

தொழில்முறை வசூல் நிறுவனங்களே இதில் சறுக்கியிருக்கின்றன. போலீஸ் உத்தரவில் இழுத்துச் செல்லப்பட்ட ஒரு வண்டியின் கட்டணப் பாக்கிக்காக, அதன் உரிமையாளரின் ரிப்போர்ட்டை ஒரு நிறுவனம் எடுத்தது. வண்டியை இழுக்கச் சொன்னது அவர் அல்ல, அவராகக் கடன் எதுவும் கேட்கவும் இல்லை, எனவே எடுத்தது தவறு என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் சொன்னது.

உங்களுக்கு நேர்வழி இருக்கிறது. பழைய விலாசத்துக்கே ஒரு கடிதம் அனுப்புங்கள். உறையின்மேல் 'ரிட்டர்ன் சர்வீஸ் ரிக்வெஸ்டட்' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். அவர் அஞ்சலகத்தில் புது விலாசம் பதிந்திருந்து அந்தப் பதிவு பழையதாகிவிடாமல் இருந்தால், கடிதம் அந்த விலாசம் ஒட்டப்பட்டு உங்களிடமே திரும்பி வரும். அவர் வீடு வாங்கியிருந்தால் கவுண்டியின் சொத்துப் பதிவில் பெயர் இருக்கும். விலாசம் கிடைத்ததும் வழக்குத் தொடருங்கள். பணம் அனுப்பிய வங்கிச் சான்றும், "தந்துவிடுகிறேன்" என்று அவர் எழுதிய குறுஞ்செய்தியும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: என் பெயர் கொண்ட யாரோ ஒருவரின் கடனுக்காக எனக்கு அழைப்பு வருகிறது. என் தம்பியையும் அழைத்து, நான் கடன் பாக்கி வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். – வாசகர், இல்லினாய்

பதில்: நம்மவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது. இனிஷியல் ஓரிடத்தில் விரிகிறது, இன்னோரிடத்தில் காணாமல் போகிறது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருப்பவருக்கு விசாவில் எஃப்.என்.யு. ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முதற்பெயர் விழுகிறது. பெயரும் ஊரும் ஒத்துப்போனால் இருவர் கணக்கும் ஒரே கோப்பில் கலந்துவிடும். ரிப்போர்ட்டை எடுத்து, உங்களுடையது அல்லாத கணக்கையும் விலாசத்தையும் ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு அந்த ரிப்போர்ட்டை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்துத் திருத்த வேண்டும்.

தம்பி விஷயம் தனி. 1977-ஆம் ஆண்டின் கடன் வசூல் நடைமுறைச் சட்டப்படி, பிறர் கடனை வசூலிக்கும் நிறுவனம் உறவினரை அழைத்து விலாசம், போன் எண், வேலை செய்யும் இடம் கேட்கலாம். கடன் இருப்பதாகச் சொல்லவே கூடாது. அழைப்பு வந்த தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயர் மூன்றையும் தம்பியை இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வழக்குத் தொடர ஓராண்டுதான் அவகாசம். வென்றால் 1,000 டாலர் வரை கூடுதல் இழப்பீடு உண்டு, வழக்கறிஞர் கட்டணத்தையும் எதிர்த்தரப்பே தர வேண்டும்.